நீல விளக்கு அணையட்டும், சிவப்பு விளக்கை எரிய விடாதீர்கள்

ஆடிவேல் தேர் காலி வீதியில் வருகிற நாளில் வெள்ளவத்தையில் கார் எடுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் தேர்கூட வேண்டாம், துறைமுகத்துக் கொள்கலன் லொறி ஒன்று திரும்ப முடியாமல் நின்றாலே போதும். மேலே வெயில், உள்ளே ஏசி. சில்லு உருளவில்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மூரில் எஞ்சின் கொதிப்பது அதிகமும் இப்படியான நேரத்தில்தான். கார் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேற்றரைக் குளிர வைக்கிறது. நின்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் ஒரு சின்ன மின்சார ஃபானின் தலையில் விழுகிறது.

அந்த ஃபானுக்கும் வயது போயிருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஆகவே நம் வீடுகளில் நிற்பவை பெரும்பாலும் பழைய கார்கள். ரப்பர் ஹோஸ் இறுகிப் போயிருக்கும். மரைன் டிரைவ் பக்கம் கடற்காற்றில் நிறுத்துகிறவர்களுக்கு ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளும் உப்பில் அரித்திருக்கும்.

தங்கச்சிமாரே, தம்பிமாரே, முதலில் உங்கள் டாஷ்போர்டைப் படியுங்கள். விட்ஸ், வாகன் ஆர் போன்ற பல சின்னக் கார்களில் சூட்டைக் காட்டும் முள்ளே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீல நிறத்தில் ஒரு வெப்பமானிப் படம் எரியும், எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று பொருள். சில நிமிடத்தில் அது அணைந்துவிடும், அணையவும் வேண்டும். அதே படம் சிவப்பாக எரிந்தால் எஞ்சின் கொதித்துவிட்டது. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் அந்தக் கார் உங்களுக்கு ஒன்றுமே சொல்லாது. முள் இருக்கிற காரிலும் அது வழக்கமாக எங்கே நிற்கிறது என்று மனதில் பிடித்து வையுங்கள். பல கார்களில் சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் அது மேலே நகரத் தொடங்கினாலே விஷயம் முற்றிவிட்டது.

விளக்குக்கு முன்னாலேயே கார் வேறு வழியில் சொல்லும். நெரிசலில் நிற்கும்போது ஏசி சூடான காற்றை ஊதி, கார் நகர்ந்ததும் மறுபடி குளிர்ந்தால் ஃபானைச் சந்தேகப்படுங்கள். ஏசியின் கண்டென்சரும் அதே காற்றை நம்பித்தான் முன்னால் இருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினும் ஏசியும் ஓட, ஃபான் சுற்றும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். இந்த ஒரு சோதனைக்குக் காசும் வேண்டாம், கராஜ் பாஸும் வேண்டாம். இனிப்பான ஒரு வாடை காருக்குள் வந்தால் கூலன்ட் எங்கோ கசிகிறது. காருக்கு அடியில் ஈரத்தைக் கண்டால் விரலால் தொட்டுப் பாருங்கள். நிறமில்லாத வெறும் தண்ணீர் ஏசியுடையது, கொழும்பின் ஈரக்காற்றில் அது தாராளமாகவே சொட்டும், பயமில்லை. இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ பிசுபிசுத்தால் அன்றைக்கே கராஜுக்குப் போங்கள்.

எப்போது சூடாகிறது என்பதையும் கவனித்துச் சொன்னால் கராஜ் பாஸுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். நெரிசலில் சூடாகி ஓடும்போது ஆறினால் பெரும்பாலும் ஃபான். அதிவேகப் பாதையிலும் கடுகண்ணாவை ஏற்றத்திலும் சூடானால் ரேடியேற்றர் அடைப்பு, கூலன்ட் குறைவு, வோட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று பார்க்கவேண்டும்.

சரி, முள் ஏறுகிறது, சிவப்பு இன்னும் வரவில்லை. உடனே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்து கண்ணாடிகளை இறக்குங்கள். உங்களுக்கு வியர்த்து ஒழுகும், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு வெளியே போகும். அந்த அவகாசத்தில் ஓரமாக ஒதுங்குங்கள். சிவப்பு எரிந்தாலோ ஆவி பறந்தாலோ பாதுகாப்பாக ஒதுக்கி எஞ்சினை அணைத்துவிடுங்கள். பின்னால் எத்தனை பேர் ஹோர்ன் அடித்தாலும் அடிக்கட்டும்.

ஆவி அடங்கும்வரை பொனற்றைத் திறக்காதீர்கள். திறந்த பிறகும் ஃபானுக்குக் கிட்டக் கை வேண்டாம், எஞ்சின் அணைந்திருந்தாலும் சில கார்களில் அது தானாகச் சுற்றும். ரேடியேற்றர் மூடியில் கை வைக்கவே கூடாது. இதை மட்டும் நான் கையைப் பிடித்துச் சொல்வேன். அந்த மூடி உள்ளே அழுத்தத்தை அடக்கி வைத்திருப்பதால் 100 பாகையில் கொதிக்கவேண்டிய தண்ணீர் 120 பாகை வரையும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய கணமே அழுத்தம் போய் அத்தனையும் கொதித்து முகத்தில் பாயும். துணி சுற்றித் திருகலாம் என்று தெருவில் ஒருவர் சொல்வார், கேளாதீர்கள். குறைந்தது அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். அப்படியும் சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓட விட்டுக் காயத்தைப் பிடியுங்கள், பற்பசை பூசாதீர்கள். 1990 இலக்கத்தில் கூப்பிட்டால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கொதிக்கிற எஞ்சின்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம், உலோகம் வெடிக்கக்கூடும். நன்றாக ஆறிய பின் கூலன்ட் போத்தலைப் பாருங்கள். குறைந்திருந்தால், அவசரத்துக்கு வெறும் தண்ணீர் விட்டுக் கராஜ் வரை போகலாம், ஆனால் அதையே பழக்கமாக்கினால் உள்ளே துருவும் காறையும் படியும். பஞ்சிகாவத்தையில் கூலன்ட் வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து வாங்காமல் காரின் புத்தகத்தில் சொன்ன வகையைக் கேளுங்கள். ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: பிரியஸ், அக்வா போன்றவற்றில் இன்வேர்ட்டருக்கென்று தனியாக இன்னொரு கூலன்ட் போத்தல் உண்டு. இரண்டையும் பாருங்கள்.

கூலன்ட் அடிக்கடி குறைகிறது, ஆனால் கீழே ஒரு துளியும் இல்லை என்றால் சும்மா விடாதீர்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறமாகியிருக்கிறதா, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும்.

இத்தனையும் தெரிந்தவர்கள்கூட எஞ்சினைப் பறிகொடுப்பது, "வீடு பக்கத்தில்தானே, போய்ப் பார்க்கலாம்" என்ற நினைப்பில். எஞ்சினின் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். கொதித்த நிலையில் சில நிமிடம் ஓடினாலே வளைந்துவிடக்கூடும். வெள்ளவத்தைச் சந்தையடியில் சிவப்பு எரிந்தால் பம்பலப்பிட்டி வரைகூட ஓட்டாதீர்கள். வீதி உதவி இலக்கத்தை உங்கள் காப்புறுதி அட்டையில் பார்த்து இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள்.