ரவுடிக்குக் காதல் வந்தால்: டார்க் காமெடி குற்றக்கதை எழுதுவது எப்படி?

கொலை, காதல், சிரிப்பு மூன்றையும் ஒரே கதையில் வைக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் மூன்று தனிக் கதைகளை எழுதிவிடுகிறார்கள். தாதாவுக்கு வெட்டுக்குத்து, தாதாவின் தங்கைக்குக் காதல், கூட நிற்கும் எடுபிடிக்குக் காமெடி. பழைய படங்களில் காமெடி ட்ராக்கைத் தனியாக எழுதிச் செருகுவார்கள். வெட்டி எடுத்தாலும் படம் ஓடும். டார்க் காமெடியில் அந்த வித்தை பலிக்காது. மூன்றும் ஒரே முடிச்சிலிருந்து வரவேண்டும். கும்பலின் சட்டப்படி கொலை அன்றாட வேலை, காதல்தான் குற்றம். இதுதான் அந்த முடிச்சு. இதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரிக் கதையைப் படிப்படியாகக் கட்டிப் பார்ப்போம்.

1. தொழிலை முடிவு செய்யுங்கள்

‘நிழல் உலகம்’ என்று பொதுவாக ஆரம்பித்தால் கறுப்புக் காரும் சுருட்டும்தான் வரும். கந்துவட்டியா, கட்டப்பஞ்சாயத்தா, மணலா, கஞ்சாவா, ஆள் கடத்தலா? ஒன்றைப் பிடியுங்கள். பிறகு கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து எழுதுங்கள்: பணம் எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, மாமூல் எவ்வளவு, வக்கீல் ஃபீஸை யார் தருவது, உள்ளே போனவன் வீட்டுக்கு மளிகை யார் வாங்கிப் போடுவது. சிரிப்பில் பாதி இந்தக் கணக்கிலேயே கிடைத்துவிடும். வெட்டப் போகிறவனுக்கும் பெட்ரோல் காசு வேண்டும். ‘சம்பவம்’ முடிந்ததும் கோர்ட்டில் யார் சரண்டர் ஆவது என்று பேரம் நடக்கும்.

இதற்குத் தினசரிப் பேப்பரின் குற்றச் செய்தியை விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பிடிபட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார், தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து விழுந்தார் என்று மாவுக்கட்டோடு படம் போட்டிருப்பார்கள். எழுதிய நிருபர் ஒரு வரியில்கூடச் சிரித்திருக்க மாட்டார். உங்கள் நடையும் அப்படி இருக்கட்டும்.

2. கும்பலுக்குச் சட்டம் எழுதுங்கள்

நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013) படத்தில் ஆள் கடத்தும் தாஸ் தொழிலுக்கென்று விதிகள் வைத்திருக்கிறான். அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் கைவைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பிறகு அமைச்சர் மகனைக் கடத்த வேண்டி வந்ததும் கதை தானாக ஓடுகிறது. அவனுடைய ஷாலு அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற காதலி. அந்தத் தொழிலில் கட்டுப்படியாகிற காதல் அவ்வளவுதான்.

நம் மாதிரிக் கதைக்கு ஒரே ஒரு சட்டம் போதும்: அண்ணன் காசை எடுத்தவருக்கு மன்னிப்பு கிடையாது. எடுத்தவரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவனும் எடுத்தவன்தான்.

3. காதலை அந்தச் சட்டத்தில் மோதவிடுங்கள்

ரிச்சர்ட் காண்டனின் ‘பிரிட்ஸிஸ் ஹானர்’ நாவல் 1982இல் வந்தது. 1985இல் ஜான் ஹியூஸ்டன் அதைப் படமாக்கினார். புரூக்ளின் மாஃபியாக் குடும்பம் ஒன்றின் கொலையாள் சார்லி, ஒரு கல்யாண வீட்டில் ஐரீனைப் பார்த்துக் கிறங்கிப்போகிறான். அவளும் கூலிக்குக் கொலை செய்கிறவள். போதாததற்கு, அந்தக் குடும்பத்தின் பணத்தைச் சுருட்டியதிலும் அவளுக்குப் பங்கு உண்டு. கட்டிக்கொள்வதா, கொன்றுபோடுவதா? சார்லியின் இந்தக் குழப்பத்தில்தான் மொத்தக் கதையும் நிற்கிறது. ‘நானும் ரௌடிதான்’ (2015) படத்தில் முடிச்சு வேறு மாதிரி. தன் குடும்பத்தை அழித்தவனைக் கொல்ல உதவு என்பதுதான் காதம்பரி போடும் நிபந்தனை. பாண்டியோ ரவுடி என்று பெயர் வாங்க ஆசைப்படுகிறவன், அவ்வளவுதான்.

நம் கதையில் குமார் மதுரையில் வட்டி வசூல் பண்ணும் பையன். அடிதடி வழக்கில் கண்டிஷன் பெயில். திருச்சியில் தங்கி, தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அதே நேரத்துக்கு அதே ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போட வருகிறவள் செல்வி. சீட்டு மோசடி வழக்கு. இரண்டு வாரம் பேசிப் பழகிய பிறகு குமாரின் வாட்ஸ்அப்புக்கு அண்ணனிடமிருந்து ஒரு போட்டோ வருகிறது. வேறு ஊரில், வேறு பெயரில் சீட்டு நடத்தி அண்ணன் பணத்தை விழுங்கியவளாம். கறுப்புப் பணம், புகார் கொடுக்க வழியில்லை. பார்த்தால் முடித்துவிடு என்று உத்தரவு. போட்டோவில் இருப்பவள் செல்வி.

4. எழுந்து போக முடியாத இடத்தில் சந்திக்க வையுங்கள்

எல்மோர் லெனார்டின் ‘அவுட் ஆஃப் சைட்’ (1996) நாவலில் சிறையிலிருந்து தப்பும் வங்கிக் கொள்ளைக்காரனும் ஃபெடரல் மார்ஷலான பெண்ணும் ஒரே கார் டிக்கியில் அடைபடுகிறார்கள். இருட்டில் ஒட்டிப் படுத்தபடி சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பேச்சில்தான் காதல் பிறக்கிறது. பூங்காவில் சந்தித்திருந்தால் அவள் துப்பாக்கியை எடுத்திருப்பாள், கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

நமக்கு டிக்கி கிடையாது, ஸ்டேஷன் பெஞ்சு இருக்கிறது. ரைட்டர் டீ குடிக்கப் போயிருக்கிறார். அவர் வரும்வரை இருவராலும் நகர முடியாது.

“பேனா இருக்குங்களா?”

“இந்தாங்க. என்ன கேஸு?”

“சீட்டு. ஒன்றரைக் கோடின்னு எஃப்.ஐ.ஆர்.ல போட்டிருக்காங்க. அவ்வளவெல்லாம் இல்லைங்க. கூட்டித்தான் எழுதுறாங்க.”

“எனக்கும் அப்படித்தாங்க. ஒரு வெட்டுதான். மூணுன்னு எழுதிட்டாங்க.”

பேனா திரும்பி வரவில்லை. மறுநாள் குமார் இரண்டு பேனாவோடு வருகிறான். அவன் விழுந்துவிட்டான் என்பதைச் சொல்ல வேறு வர்ணனை தேவையில்லை. அவளிடம் எது போனாலும் திரும்பாது என்பதையும் அந்தப் பேனாவே சொல்லிவிடுகிறது.

5. யாரும் ஜோக் அடிக்கக் கூடாது

மேலே உள்ள பேச்சில் இருவருமே சிரிக்கவில்லை. தங்களுக்கு நடந்த அநியாயத்தை மனசாரச் சொல்லிக்கொள்கிறார்கள். பாத்திரத்துக்குத் தான் காமெடி செய்வது தெரிந்துவிட்டால் அது மேடை நகைச்சுவை ஆகிவிடும். ஒரு சுலபமான வழி இருக்கிறது: பெரிய விஷயத்தைச் சின்னதாகவும் சின்ன விஷயத்தைப் பெரிதாகவும் பேச வையுங்கள். கொலைக்கு நாள் குறிக்கும் கூட்டத்தில் சண்டை முழுக்க, போன தடவை பிரியாணிக்கு யார் காசு கொடுத்தது என்பதைப் பற்றியே நடக்கட்டும்.

சூழ்நிலையும் அப்படித் தலைகீழாக வேண்டும். கண்டிஷனைத் தளர்த்தக் கோரி வக்கீல் மனு போட்டிருக்கிறார். “இந்தத் தடவை கட்டாயம் கிடைச்சிடும் தம்பி, ஊருக்குப் போயிடலாம்” என்கிறார். குமாருக்கு வியர்க்கிறது. தளர்த்திவிட்டால் செல்வியைப் பார்க்க முடியாது. அண்ணனிடம் நேரில் பதில் சொல்லவும் வேண்டும். தன் மனு தள்ளுபடி ஆக வேண்டும் என்று உச்சிப்பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறான்.

6. சாவுக்கு எடை இருக்கட்டும்

டார்க் காமெடி என்றால் பிணம் விழ விழச் சிரிக்க வைப்பது என்று நினைத்தால் மூன்றாவது பிணத்திலேயே வாசகர் கொட்டாவி விடுவார். ‘பிரிட்ஸிஸ் ஹானர்’ படத்தில் ஒரு கடத்தலின் நடுவே, மாடி மாறி லிஃப்டிலிருந்து இறங்கிவிட்ட ஒரு பெண்ணை ஐரீன் சுட்டுவிடுகிறாள். செத்தவள் போலீஸ் கேப்டனின் மனைவி. அதன்பின் போலீஸ் எல்லாக் குடும்பங்களின் தொழிலையும் நெருக்குகிறது. நெருக்கடி தீர ஐரீனைப் பலி கொடுக்க வேண்டும். அந்த வேலை சார்லியின் தலையில் விழுகிறது. தற்செயலாக விழுந்த ஒரு சாவு, ஒரு கல்யாணத்தை முடித்துவைக்கிறது. உங்கள் கதையிலும் ஒவ்வொரு சாவும் அடுத்த பக்கத்தில் யாருக்காவது செலவு வைக்க வேண்டும். கொல்பவனின் பதற்றம், கூச்சம், கணக்கு இவற்றைப் பார்த்துச் சிரிக்கலாம். செத்தவரைப் பார்த்துச் சிரித்தால் வாசகர் உங்களை விட்டுப் போய்விடுவார்.

7. பெண்ணுக்குத் தனித் திட்டம் கொடுங்கள்

காதலியைக் கடத்தினார்கள், காதலன் மீட்டான் என்று போனால் அது வேறு வகைக் கதை. நெல்சனின் ‘கோலமாவு கோகிலா’ (2018) படத்தில் அம்மாவின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் வேண்டிப் போதைப்பொருள் தொழிலுக்குள் போகிறவள் கோகிலாதான். அவள் மேல் ஆசை வைத்த மளிகைக்கடை சேகர் அவள் பின்னால் இழுபடுகிறான். முகத்தில் எதையும் காட்டாமல் கணக்குப் போடும் பெண்ணும் எல்லாவற்றையும் காட்டிவிடும் ஆணும் என்றால் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வரும்.

நம் செல்விக்குக் குமார் யாருடைய ஆள் என்பது முதல் வாரத்திலேயே தெரியும். அவளுடைய யோசனை இது: “என்னை முடிச்சுட்டதா அண்ணன்கிட்டச் சொல்லிடுங்க. கடன் அதோட செத்துடும்.” குமாரும் சொல்லிவிடுகிறான். ஆனால் செத்துப்போனவள் நாளைக் காலை 10.30க்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்; வராவிட்டால் ஜாமீன் ரத்து, வாரண்ட், பேப்பரில் பெயர். அண்ணனோ நம்பாமல் இன்னொருவனைத் திருச்சிக்கு அனுப்புகிறார். இனி உங்கள் கதைக்குச் சம்பவங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தினமும் காலையில் ஒன்று தானாகவே கிடைக்கும்.

8. முடிவில் பில்லைக் கட்டுங்கள்

இந்த வகைக் கதையில் மூன்று முடிவுகள் செல்லும். தொழில் ஜெயிக்கும், காதல் சாகும். காதல் ஜெயிக்கும், ஆனால் இருவரும் முன்னைவிட மோசமான ஆட்களாகிவிடுவார்கள். அல்லது ஒருவர் மற்றவரை ஏமாற்றிவிட்டுத் தப்பிப்பார். எதை எடுத்தாலும் இரண்டாம் படியில் எழுதிய சட்டத்துக்கு யாராவது விலை கொடுத்தாக வேண்டும். கடைசிப் பக்கத்தில் அண்ணன் திடீரென்று மனம் திருந்தினால், அதுவரை படித்தவர் ஏமாந்தவர் ஆகிறார்.

9. திருத்தும்போது

முதலில் பெயர்களைப் பாருங்கள். நிஜ ரவுடியின் பெயரோ, நிஜ வழக்கின் அடையாளமோ ஒட்டிக்கொண்டிருந்தால் மாற்றுங்கள். அடுத்து வசனம்: எல்லாரும் ஒரே சென்னைத் தமிழ் பேசினால், மதுரைக்காரனை மதுரைக்கும் திருச்சிக்காரியைத் திருச்சிக்கும் அனுப்புங்கள். ‘அவன் ஒரு பயங்கரமான ஆள்’ போன்ற அறிமுக வரிகளை அடித்துவிடுங்கள். அவன் நுழைந்ததும் டீக்கடைக்காரர் பழைய பாக்கியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே போதும்.

கடைசியாக ஒரு சோதனை. காதல் காட்சிகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். குற்றக்கதை எந்தச் சேதமும் இல்லாமல் நிற்கிறதா? அப்படியானால் வசனத்தைத் திருத்திப் பயனில்லை; இரண்டாம் படிக்குப் போய்ச் சட்டத்தை மாற்றி எழுதுங்கள்.