போய்த் திரும்புகிறவள் கட்டும் பை

கோத்தகிரி
மாசி மாதம்

அன்பு மருமகளுக்கு, அத்தை எழுதுவது.



நீ, மாப்பிள்ளை, பேத்தி, உன் அப்பா நால்வரும் பங்குனியில் கப்பலேறி வருகிறீர்கள் என்று நீ போனில் சொன்ன நாள் முதல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் பேசி முடிக்கலாமென்றால் பாதியில் பேத்தி பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு அப்புறம் பெட்டியைத் திற.

எடுத்து வரப்போகிற சாமான்களை அன்றைக்கு நீ வரிசையாகச் சொன்னாய். குழந்தைக்கு மட்டும் இரண்டு பெட்டி, எங்களுக்கு ஒரு பெட்டி, வழிச்சாப்பாட்டுக்கு ஒரு கூடை என்று போனது. மூன்று வயதுப் பிள்ளையோடு முதல்முறை கடல் தாண்டுகிறவளுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள். நீ திரும்பிப் போகப் போகிறவள். திரும்பிப் போகிறவளுக்குப் பாதிச் சாமான் போதும்.

நாங்கள் வந்தது வேறு மாதிரி. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று நம் மலையகத் தமிழ் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரண்டு நாடும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த 1974இல்தான் நானும் உன் மாமாவும் கைப்பிள்ளையோடு நோட்டன் பிரிட்ஜை விட்டுப் புறப்பட்டோம். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது ஏறினவர்களும் அழுதார்கள், நின்றவர்களும் அழுதார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று சும்மாவா பேர் வந்தது? உன் அப்பா, என் தம்பி, அப்போது கால்சட்டைப் பையன். பிளாட்பாரம் முடியும் மட்டும் கூடவே ஓடிவந்தான்.

திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்து கட்டிய மூட்டைகள் அவை. மாமியார் ஒரு பச்சைத் தகரப் பெட்டியில் எங்கள் லய வீட்டுக் காம்பராவையே அடைத்துவிட்டார். அடியில் பிள்ளையின் கம்பளியும் சட்டைகளும், அதன்மேல் பித்தளைக் குடம், குத்துவிளக்கு, சாமி படம், மாமனாரின் பேர் போட்ட சொம்பு, எல்லாவற்றுக்கும் மேலே தேயிலைத்தூள். தலைமன்னாரில் பெரிய சாமான்களைத் தனியே வாங்கி ஏற்றிவிட்டார்கள். 'ராமானுஜம்' கப்பலில் கடல்காற்றில் உட்கார்ந்ததும் பிள்ளை போட்டிருந்த ஒரே சட்டையில் வாந்தி எடுத்துவிட்டான். மாற்றுச்சட்டை பெட்டிக்கடியில், பெட்டியோ எங்கேயோ. மஸ்கெலியாக்காரி ஒருத்தி தன் துண்டைக் கொடுத்தாள். அதைச் சுற்றித்தான் அவனை ராமேஸ்வரத்தில் இறக்கினேன். மாமியாரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையையும் ஒரு பெட்டியில் வைக்கச் சொன்னால் யாருக்கும் கனமானது அடிக்குப் போகும், அவசரமானது அதற்கும் அடியில் போகும்.

உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போக வர டிக்கெட் எடுத்து வருகிறாய். மறந்தது எதுவானாலும் கோத்தகிரிக் கடையில் கிடைக்கும். ஆகவே சாமானை மூன்றாகப் பிரி. ஒன்று, பெரியவர்கள் துணிக்கு ஒரே பெட்டி. இரண்டு, குழந்தைக்கென்று தோளில் மாட்டும் பை. மூன்று, காகிதங்களுக்கு உன் உடம்போடு இருக்கும் சின்னப் பை. பெட்டி கையை விட்டுப் போனாலும் குழந்தைப் பையும் காகிதப் பையும் உன்னை விட்டுப் போகக்கூடாது. ஒரு ஆளுக்கு எத்தனை கிலோ, கையில் எத்தனை கிலோ என்று டிக்கெட் எடுக்கும்போதே மாப்பிள்ளையைக் கேட்டு வைக்கச் சொல்.

காகிதத்தை இப்போதே பார். குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, டிக்கெட்டில் ஒரு எழுத்து என்று இருந்துவிடப் போகிறது. நம் தோட்டத்துப் பதிவுகளில் இந்தத் தொல்லை அதிகம் என்பது உனக்கே தெரியும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசி. பாஸ்போர்ட்டுக்கும் கண்டியில் அலுவலகம் இருக்கிறது, இந்திய விசா விசாரிக்கவும் கண்டியிலேயே உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. விசா கேட்கும்போது, நாகப்பட்டினம் துறைமுகம் வழியாக இறங்குகிறோம், இந்த விசா அங்கே செல்லுமா என்று வாய்விட்டுக் கேள். விமான நிலையத்தில் செல்லும் விசாவெல்லாம் துறைமுகத்திலும் செல்லும் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. எல்லாவற்றிலும் ஒவ்வொரு போட்டோ காப்பி எடுத்துப் பெட்டியில் வை.

குழந்தையின் கிளினிக் கொப்பியையும் காகிதப் பையில் வை. மூன்று வயதில் போடும் இரண்டாவது எம்.எம்.ஆர். ஊசி போட்டாயிற்றா என்று மிட்வைஃப் அம்மாவிடம் கேட்டுக்கொள். இந்தப் பக்கம் சின்னமுத்து இன்னும் ஒழியவில்லை. பஸ், ரயில், கூட்டம் என்று வருகிற பிள்ளைக்கு அந்த ஊசி முக்கியம்.

இனிக் கப்பலைப் பற்றி. 2023 ஜூனில் சென்னையிலிருந்து பெரிய உல்லாசக் கப்பல் ஒன்று காங்கேசன்துறைக்கு வந்ததை டிவியில் காட்டினார்கள். படுக்கை அறை, நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம் எல்லாம் அதில் உண்டு. நீங்கள் ஏறப்போவது அது இல்லை என்று பேத்தியிடம் முன்னாலேயே சொல்லிவை. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரில் திரும்பத் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய பயணிகள் கப்பல் சேவையின் 'சிவகங்கை' இது. நூற்றைம்பது பேர் வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்து வரலாம். ஏறக்குறைய அறுபது கடல் மைல், நான்கு மணி நேரம். உள்ளே ஏ.சி. இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கடல் முரண்டு பிடிக்கும், கப்பலை நிறுத்திவிடுவார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும் அந்தக் காலத்துப் புயல்தான். நீ பங்குனியைத் தேர்ந்தது நல்லது. அப்போதும் காற்று பலத்தால் ஒரு நாள் ரத்தாகலாம். அதனால் கப்பல் நாளன்று காலையில் யாழ்ப்பாணம் போய்ச் சேருவதாகத் திட்டம் போடாதே. பங்குனி சிவனொளிபாத மலை சீசன் வேறு. பௌர்ணமிப் போயா நாளிலும் சனி ஞாயிறிலும் மஸ்கெலியாப் பக்கத்து பஸ்ஸெல்லாம் நிரம்பி வழியும். ஒரு நல்ல மழை பெய்தால் கினிகத்தேனைப் பாதையில் மண் சரிந்து அரை நாள் போய்விடும். வார நாளில் புறப்பட்டு, கண்டியில் பஸ் மாறி, முதல் நாளே யாழ்ப்பாணத்தில் தங்கிவிடுங்கள். கூடுதலாக ஒரு ராத்திரி தங்க நேர்ந்தாலும் பதறாதபடி அதற்கான காசைத் தனியாக முடிந்து வை.

குழந்தைப் பையில் வைக்க வேண்டியதைச் சொல்கிறேன். மாற்றுத்துணி இரண்டு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் தனித்தனி பிளாஸ்டிக் பையில். நனைந்ததை அதே பையில் போட்டுக் கட்டலாம். உனக்கும் ஒரு மேல்சட்டை வை. பிள்ளை வாந்தி எடுப்பது பெரும்பாலும் தூக்கி வைத்திருப்பவள் மேல்தான். ஒரு ஸ்வெட்டர், ஒரு பழைய துண்டு, ஈரத்துடைப்பான், வாந்திக்கென்று ஓட்டையில்லாத பைகள் நாலைந்து. ராத்திரி பாம்பர்ஸ் போடுகிற பழக்கம் இன்னும் இருந்தால் அன்றைக்குப் பகலிலும் ஒன்று போட்டுவிடு, வெட்கப்பட ஒன்றுமில்லை. கொதித்தாறிய தண்ணீர், மாரி பிஸ்கட், வாழைப்பழம். வாந்தி பேதிக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனி பாக்கெட் இரண்டு. ஒன்றை ஒரு லீட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், கால் பாக்கெட் அரை பாக்கெட் என்று கண்ணளவில் போடக்கூடாது. காய்ச்சலுக்குக் குழந்தைகள் சிரப். அவள் கட்டிப்பிடித்துத் தூங்குகிற அந்தத் துணிப் பொம்மை கட்டாயம். இரண்டு பெட்டி விளையாட்டுச் சாமானை விட அந்த ஒன்றுதான் அவளைத் தூங்க வைக்கும்.

வாந்தியைப் பற்றிக் கவனமாகக் கேள். ஹட்டன் பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பிள்ளை கடலிலும் எடுக்கும். ஆட்டத்தை உள்காது உணர்கிறது, கண்ணோ எதிரே அசையாத நாற்காலியைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வருகிற குமட்டல் அது. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரைக்கும்தான் அது அதிகம். மூன்று வயதுக்காரிக்கு எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று டிக்கோயா ஆஸ்பத்திரி டாக்டரிடம் எடை சொல்லிக் கேட்டு எழுதி வாங்கு. பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பண்டமும் ஆகாது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். கிடைத்தால் கப்பலின் நடுப்பகுதியில் ஜன்னலோரம் உட்கார். தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல். போனைக் கொடுத்துப் படம் பார்க்க விட்டால் குமட்டல் சீக்கிரம் வரும். தைலத்தை மூக்குக்குக் கிட்டே பூசாதே, சின்னப் பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

ஏறியதும் ஒரு காரியம். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கப்பல் ஆட்களைக் கேட்டு ஒன்றைப் போட்டுப் பார். தோள்பட்டையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கு. காது வரை ஏறிக்கொண்டு வந்தால் அது அவளுக்குப் பெரிது, வேறு கேள். ஏணியில் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளை மாப்பிள்ளையின் இடுப்பில் இருக்கட்டும், அவர் கையில் பை இருக்கக்கூடாது. அவள் சட்டைப் பையில் உன் நம்பரையும் என் நம்பரையும் எழுதி வை. காலையில் அவள் போட்ட உடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்.

பேத்தியின் மனதையும் ஆயத்தப்படுத்த வேண்டும். எங்கள் காலத்தில் பிள்ளைகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரியவர்கள் அழுவதைப் பார்த்து அவர்களும் அழுதார்கள். நீ தினமும் ராத்திரி ஒரு துண்டாகச் சொல்லு. நாளைக்கு பஸ், அப்புறம் யாழ்ப்பாணம், அப்புறம் கப்பல், இறங்கினால் நாகப்பட்டினம், மலையேறினால் பாட்டி வீடு, சில நாள் கழித்து மறுபடியும் நம் வீடு. கடைசித் துண்டை ஒரு நாளும் விடாதே. வீட்டுக்குத் திரும்புவோம் என்று தெரிந்த பிள்ளை புது இடத்தில் பயப்படாது. நோட்டன் அணைத் தண்ணீரைக் காட்டி, இதைப் போல எத்தனையோ மடங்கு, அக்கரையே தெரியாது என்று சொல்லு.

துணியைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணத்திலும் நாகப்பட்டினத்திலும் பங்குனி வெயில் உங்களை வாட்டும். மலையில் வளர்ந்த பிள்ளைக்கு வேர்க்குரு வந்துவிடும். அங்கே மெல்லிய பருத்திச் சட்டை. கப்பல் ஏ.சி.க்கும் கோத்தகிரி இரவுக்கும் ஸ்வெட்டர். கனமான கம்பளிகளை எடுத்து வராதே, இங்கே அலமாரி நிறைய இருக்கிறது. கப்பல் பிற்பகலில் கிளம்பி நாகப்பட்டினத்தில் இருட்டுகிற நேரம் சேரும் என்று சொல்கிறார்கள். அன்றைக்கே மேலே வர அவசரப்படாதீர்கள். அங்கேயோ வேளாங்கண்ணியிலோ தங்கி, மறுநாள் திருச்சி, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று நிதானமாக வாருங்கள். தம்பியின் முட்டிவலிக்கும் அதுதான் நல்லது.

எங்களுக்கென்று எதுவும் சுமக்காதே. அரைக் கிலோ தூள் மட்டும் கொண்டு வா. 1968இல் தாயகம் திரும்பியோருக்காக அரசாங்கம் தொடங்கிய தோட்டத்தில், இன்றைக்கு டான்டீ என்கிறார்களே அதில்தான், நான் வயசெல்லாம் கொழுந்து பறித்தேன். இருந்தாலும் நம் மலைத்தூளின் வாசம் வேறு. கடையில் கட்டிய பாக்கெட்டாக இருக்கட்டும். பச்சைக் காய், கன்று, விதை எதுவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் யாராவது, இந்தச் சின்னப் பார்சலை அங்கே கொடுத்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாலும் வாங்காதே. பெற்ற பிள்ளையோடு சுங்கத்தில் நிற்கிறவளுக்கு மற்றவன் பார்சல் வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டு. குழந்தைப் பையைத் தோளில் மாட்டி, பேத்தியை இடுப்பில் வைத்து, லயத்திலிருந்து பஸ் ரோடு வரை ஒரு தரம் நடந்து பார். இளைக்காமல் போய்ச் சேர்ந்தால் பை சரி. வழியில் எங்காவது இறக்கி வைக்கத் தோன்றினால் வீட்டுக்குப் போய்ப் பிரித்து, பாதியை வெளியே எடு. எடுத்தது என்னவென்று எனக்குப் போன் பண்ணிச் சொல், இங்கே வாங்கி வைக்கிறேன். திரும்பிப் போகிற தேதியையும் விசா முடிகிற தேதியையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் புறப்படு.

பிள்ளையோடு பத்திரமாக வந்து, சந்தோஷமாக இருந்து, பத்திரமாகத் திரும்பிப் போங்கள்.

அன்புடன்,
உன் அத்தை