தீய அரசியும் நல்ல இளவரசியும்

குழந்தைக் கதைகளில் நல்லோர் யார், தீயோர் யார் என்று ஆராய வேண்டியதில்லை என்பது பொதுவான எண்ணம். முதற் பக்கத்திலேயே ஆசிரியர் சொல்லிவிடுவார். அரசி தீயவள், இளவரசி நல்லவள், குள்ளன் வஞ்சகன். யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் ஜெர்மானியரான கிரிம் உடன்பிறந்தார் தொகுத்த கதைகளை வளர்ந்த பின் ஒருமுறை படிப்பவர்க்கு ஐயம் தோன்றாமற் போகாது.

ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் என்னும் குள்ளனின் கதையையே எடுத்துக்கொள்வோம். தன் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று பொய் சொன்னவன் ஆலைக்காரன். நூற்காவிடில் தலை போகும் என்று மிரட்டியவன் அரசன். ஒரு நாள் நூற்றது போதாது என்று மூன்று இரவுகள் அவளை அடைத்து வைத்தவனும் அவனே. குள்ளனோ சொன்னதைச் செய்தான். கேட்ட கூலியைப் பெறுவதற்கு வந்தான். அரசி அழுதபோது மனமிரங்கி மூன்று நாள் தவணையும் தந்தான். கூலியாகக் குழந்தையைக் கேட்டது கொடுமைதான்; மறுக்கவில்லை. ஆயினும் கதை முடியும்போது பொய்யன் தப்பினான், பேராசைக்காரன் மகிழ்ந்திருந்தான், வாக்குத் தவறாதவன் தன்னைத்தானே இரு கூறாகக் கிழித்துக்கொண்டு மடிந்தான்!

இந்த ஐயத்தை முதலாகக் கொண்டு எழுந்த தொடர்நாடகம் ஒன்று உண்டு. ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ என்பது அதன் பெயர். எட்வர்டு கிட்சிஸ், ஆடம் ஹோரோவிட்ஸ் என்னும் இருவர் படைத்தது. அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 2011 அக்டோபர் 23 அன்று தொடங்கி, 2018 மே 18 அன்று முடிவுற்றது. ஏழு பருவங்கள், 155 பகுதிகள். அத்தனையும் சிறந்தவை என்று சொல்ல மாட்டேன். பிற்பகுதியில் கதை நூலறுந்த பட்டம்போல் அலைகிறது. முதல் மூன்று பருவங்களே நம் ஆராய்ச்சிக்குப் போதுமானவை.

கதை இது. தீய அரசி ரெஜினா இட்ட சாபத்தால் கதை மாந்தர் அனைவரும் தம்மை மறந்து, மெயின் மாநிலத்தில் ஸ்டோரிபுரூக் என்னும் சிற்றூரில் வாழ்கின்றனர். இருபத்தெட்டு ஆண்டுகள் அங்குக் காலம் நகரவில்லை. அரசி அவ்வூரின் நகரத் தலைவி. அவள் தத்தெடுத்து வளர்க்கும் ஹென்றி என்னும் பத்து வயதுச் சிறுவன், ஒரு கதைப் புத்தகத்தைப் படித்து உண்மையை உணர்கிறான்; தன்னைப் பெற்ற தாயான எம்மாவைத் தேடி அழைத்து வருகிறான். அந்த எம்மா, ஸ்னோ ஒயிட் இளவரசியின் மகள்.

ரெஜினா ஏன் தீயவள் ஆனாள்? முதற் பருவத்தில் இதற்கு விடை வருகிறது. இளம்பெண்ணான ரெஜினா, குதிரை இலாயத்தில் பணிபுரியும் டேனியலைக் காதலிக்கிறாள். மிரண்டோடும் குதிரையிலிருந்து சிறுமி ஸ்னோவைக் காப்பாற்றுகிறாள். அந்த நற்செயலே அவளுக்கு வினையாகிறது! நன்றி கொண்ட அரசன், தாயில்லாத தன் மகளுக்குத் தாயாக அவளை மணக்க விரும்புகிறான். காதலை அறிந்த ஸ்னோ, யாரிடமும் சொல்லேன் என்று வாக்களிக்கிறாள். பின்னர் ரெஜினாவின் தாய் கோரா, மகளை இழந்துவிடுவேனோ என்று கண்ணீர் வடிப்பவள்போல் பேச, தாயை இழந்த அச்சிறுமி உருகி உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கோரா டேனியலின் இதயத்தைப் பறித்து நசுக்குகிறாள்.

இங்குக் குற்றவாளி யார்? கோரா என்று உடனே சொல்வோம். ஆனால் ரெஜினாவின் பகை சென்று தங்கியது தாயிடம் அன்று, சிறுமியிடம். இது நியாயமன்று, எனினும் இயல்பானது. வலியவரிடம் காட்ட இயலாத சினம் எளியவர்மேல் இறங்குவதை நம் இல்லங்களிலேயே காண்கிறோம் அல்லவா?

ஸ்னோவும் தூய வெண்மை அல்லள். இரண்டாம் பருவத்தில் அவள் ஒரு கொலை செய்கிறாள். கோராவின் இதயத்தின்மேல் மந்திர மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, அதைத் தாயின் மார்பில் பொருத்துமாறு ரெஜினாவையே ஏவுகிறாள். தாய் தன்னை அன்பு செய்வாள் என்று நம்பி மகள் பொருத்துகிறாள். தாய் மகள் கையிலேயே மடிகிறாள். கோரா உயிருடன் இருந்திருந்தால் பலர் அழிந்திருப்பர் என்பது மெய்யே. ஆனால் ஏவிய முறை? ஒரு மகளின் ஏக்கத்தைக் கருவியாக்கிக் கொன்ற கொலை அது. அன்று கோரா, சிறுமி ஸ்னோவின் ஏக்கத்தை எவ்வாறு கருவியாக்கினாளோ அவ்வாறே! இந்த ஒப்புமையை நாடகம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே அழகு. சில நாட்களில் ஸ்னோவின் இதயத்தை வெளியே எடுத்துப் பார்க்கும் ரெஜினா, அதில் ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கக் காண்கிறாள். லிட்மஸ் தாளில் அமிலத்தைக் காண்பதுபோல் அறத்தைக் காணலாம் என்பது கதைக்கே உரிய வசதி. நமக்கு அவ்வசதி இல்லை.

குள்ளனுக்கும் நாடகம் ஒரு வரலாறு தருகிறது. ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் முதலில் ஏழை நூற்பாளன். தன் மகன் தந்தையற்றவனாகக் கூடாதென்று போரிலிருந்து தப்பத் தன் காலையே சம்மட்டியால் உடைத்துக்கொண்டவன். அதனால் கோழை என்று ஊரார் இகழப்பட்டவன். பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் போருக்கு இழுத்துச் செல்லும் நாளில், மகனைக் காக்கவே இருளாற்றலைப் பெறுகிறான். பெற்றபின் அதை விட மனம் வரவில்லை. மகன் கைபிடித்து வேறு உலகுக்கு அழைத்தபோது, ஆற்றலை இழக்க அஞ்சி மகனின் கையை விடுகிறான். மகனுக்காகப் பெற்றதற்காக மகனையே விட்ட அந்தக் காட்சியில் ராபர்ட் கார்லைலின் நடிப்பை ஒருமுறை காண்போர் மறவார்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இரும்புத் துண்டொன்றைக் காந்தப் புலத்தில் வைத்துப் பின் புலத்தை நீக்கினால், இரும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. காந்தத்தின் மிச்சம் அதில் நின்றுவிடும். மிச்சத்தைப் போக்க எதிர்த்திசையில் புலம் செலுத்த வேண்டும். ஆகவே இரும்பின் இன்றைய நிலையை அறிய இன்றைய புலத்தை மட்டும் அறிந்தால் போதாது; அது வந்த வழியையும் அறிதல் வேண்டும். ரெஜினாவும் அத்தகையவள். பழிவாங்கும் எண்ணத்தை விட்டது மட்டும் அவளை நல்லவளாக்கவில்லை. எதிர்த்திசையில் அவள் பட்ட பாடு பெரிது. மூன்றாம் பருவத்தின் நடுவில் ஊரைக் காக்கத் தான் வளர்த்த மகனையே இழக்க நேர்கிறது. அவன் நினைவிலிருந்து தன்னையே அழித்து, எம்மாவிடம் அவனை ஒப்படைத்து, ‘இவனை நீயே வளர்த்தாய்’ என்னும் பொய்ந்நினைவையும் அவளுக்குப் பரிசாகத் தருகிறாள். மந்திரமெல்லாம் கற்பனை. அந்தத் தாயின் முகம் கற்பனையன்று.

தாய் என்றதும் வேறொரு செய்தி நினைவுக்கு வருகிறது. கிரிம் உடன்பிறந்தார் 1812-இல் வெளியிட்ட முதற் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல முயன்றவள் மாற்றாந்தாய் அல்லள், பெற்ற தாயே. 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் பெற்றவள் முன்னரே இறந்துபோக, மாற்றாந்தாய் உள்ளே வருகிறாள். தாய்மையின் பெயர் கெடலாகாது என்று ஒருத்தியின் குற்றத்தை மற்றொருத்தியின் தலையில் ஏற்றிவிட்டனர்! உலகெங்கும் குழந்தைகள் படித்தது இந்தத் திருத்திய கதையைத்தான். நாமும் ஏதேனும் ஓர் அரசு ஒரு பகுதியைப் புறக்கணித்தால் ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்று கூசாமல் எழுதுகிறோம்.

நான் சிறுவனாய் இருந்தபோது எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மையார் இரண்டாந்தாரமாக வந்தார். மூத்தவளின் மகளுக்கு நாள்தோறும் வாசற்படியில் அமர்ந்து தலை வாரிவிடுவார். அந்த அரசி நச்சுச் சீப்பால் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல முயன்ற கதையை அப்போதுதான் நாங்கள் படித்திருந்தோம். அவர் சீப்பை எடுக்கும்போதெல்லாம் பிள்ளைகள் நாங்கள் சற்றுத் தொலைவில் நின்று, அந்தப் பெண் மயங்கி விழுகிறாளா என்று பார்ப்போம். ஒருநாள் நான் அதை அவளிடமே சொல்லியும் விட்டேன். மறுநாள் முதல் அவள் தானே தலை வாரிக்கொண்டாள். ஏனென்று அந்த அம்மையார் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆகவேதான் நாடகத்தின் இரு முத்தங்கள் எனக்கு முதன்மையாகப் படுகின்றன. முதற் பருவ முடிவில், நஞ்சுண்டு கிடக்கும் ஹென்றியைப் பெற்ற தாயின் முத்தம் எழுப்புகிறது, சாபம் நீங்குகிறது. மூன்றாம் பருவத்தில் மற்றொரு சாபத்தை நீக்க எம்மாவின் முத்தம் வேண்டியதாய் இல்லை. நெற்றியில் ரெஜினா இட்ட முத்தத்தால் அது நீங்குகிறது. ‘மெய்யன்பு’ என்னும் பட்டத்தை வளர்த்தவளுக்கும் வழங்கினர். கிரிம் உடன்பிறந்தார் 1819-இல் செய்த திருத்தத்துக்கு இதைவிட நல்ல மறுதிருத்தம் இல்லை என்பது என் கருத்து.

இத்தனையும் சொன்ன நான் மனங்கொள்ளாத ஒன்றும் உண்டு. வேடன் கிரகாம் ஸ்னோவைக் கொல்லாமல் விட்டதற்காக அரசி அவன் இதயத்தைப் பறித்துத் தன் பேழையில் வைத்திருந்தாள். பல்லாண்டு அவனைப் பொம்மைபோல் ஆட்டினாள். அவன் தன்னை நினைவுகூர்ந்து விலகியதும் நசுக்கினாள். இரண்டாம் பருவத்தில், ஸ்னோ இருக்குமிடத்தைச் சொல்லாத ஒரு சிற்றூரையே வெட்டிச் சாய்க்கச் செய்கிறாள். ஸ்னோவின் ஒரு கொலைக்கு இதயத்தில் புள்ளி விழுந்தது. அவள் பல பகுதிகள் அழுதாள். சிற்றூர் மக்களுக்கோ பெயரும் இல்லை, வரலாறும் இல்லை. வரலாறு பெற்றவர்க்கே மன்னிப்பு என்றால், வரலாறு எழுதப்பெறாதவர் சார்பில் மன்னிக்கும் உரிமை யாருக்கு உண்டு? என் அறைத்தோழர், ‘கதையில் எல்லாருக்கும் இடம் தர இயலுமா?’ என்கிறார். இயலாதுதான். ஆனால் ஓர் ஊரைக் கொன்ற பின் ஒரு காட்சியேனும் தந்திருக்கலாம்.

இறுதிப் பகுதியில் எல்லா உலகங்களும் ஒன்றாகின்றன. மக்களெல்லாம் தேர்ந்தெடுத்து ரெஜினாவுக்கு முடிசூட்டுகின்றனர். ‘நல்ல அரசி’ என்கின்றனர். ஸ்னோ அருகில் நிற்கிறாள், ஹென்றியும் நிற்கிறான். மண்டபம் நிறையக் கூட்டம். அந்தச் சிற்றூரிலிருந்து யாரேனும் வந்திருக்கிறார்களா என்று நான் அக்காட்சியை நிறுத்தி நிறுத்தித் தேடினேன்.