கழிவு ஜலமும் கொல்லை வாழையும்

மாடம்பாக்கத்துப் பெரிய ஏரிக்குள் தோண்டப்பெற்ற கிணறுகளிலிருந்து அவ்வூராருக்கும் அடுத்த ஊரார் சிலருக்கும் குடிஜலம் கிடைத்து வருகிறது. பேரூராட்சியாயிருந்த அவ்வூர் 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. வயல்கள் பல மனைகளாகிவிட்டன. ஏரியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. தெருவில் விடப்படும் கழிவு ஜலம் சரிவை நோக்கி ஓடி ஏரியைச் சேருமாயின், நாம் கழுவி ஊற்றியதையே இறைத்துக் குடிக்க நேரிடும். அண்டையிலுள்ள செம்பாக்கம் ஏரி சாக்கடையால் கெட்டபின், 2018-க்குப் பிறகு அதைச் சீர்திருத்தச் சென்னை ஐ.ஐ.டி.யும் தொண்டு ஸ்தாபனங்களும் முனைய வேண்டியதாயிற்று என்பதை அங்கத்தினர்கள் கவனிப்பார்களாக.

இங்கே கழிவு ஜலம் என்பது குளித்ததும், துணி துவைத்ததும், பாத்திரம் துலக்கியதுமான ஜலமேயாகும். மலஜலம் இதில் சேராது; சேர்க்கவும் கூடாது. 2019-இல் தொடங்கிய ஜல ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்துள்ளது. ஐவருள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர் ஆகிறது. அதில் மூன்றில் இரு பங்கு, அதாவது சுமார் 180 லிட்டர், கழிவாக வெளியேறுகிறது. வேனிலில் வாழையொன்றுக்கு 20 லிட்டர் வைத்தாலும் எட்டு வாழைகளை இதைக்கொண்டே காப்பாற்றலாம். நம் முன்னோர் கிணற்றடியில் வாழையையும் சேம்பையும் வைத்தது இக்காரணம் பற்றியே. ஆனால் அவர்கள் சீயக்காயும் சாம்பலும் உபயோகித்தனர். நாமோ சலவைத்தூள் உபயோகிக்கிறோம். அதிலுள்ள சோடிய உப்பு நாளடைவில் மண்ணை இறுகச் செய்யும். ஆகையால் ஜலத்தை நேரே பாய்ச்சாமல், பக்குவப்படுத்தியே பாய்ச்சவேண்டும். பக்குவப்படுத்தினாலும் உப்பு நீங்காதாதலின், தூளைக் குறைத்தே உபயோகிப்பது நலம்.

முதலில், இரண்டடிச் சதுரத்தில் மூடியுள்ள சிறு தொட்டி ஒன்று கட்டுக. சோற்றுப்பருக்கையும் மண்ணும் அடியில் தங்கும். எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். இதை வாரந்தோறும் வழித்தெடுக்காவிடில் மேற்கொண்டு செய்வதனைத்தும் வீணே.

அதையடுத்து ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழமுள்ள பாத்தியைச் செங்கல்லால் கட்டி, அடியில் ஜலம் இறங்காதபடி பூசிவிடுக. இரு முனைகளிலும் பெருங்கல்லும், இடையே முக்கால் அங்குல ஜல்லியும் நிரப்பிக் கல்வாழை நடுக. அடிமட்டத்திலிருந்து புறப்படும் வெளிக்குழாயை மேலே வளைத்து, அதன் வாய் ஜல்லி மட்டத்துக்கு மூன்றங்குலம் கீழே இருக்குமாறு வைக்கவேண்டும். இந்த மூன்றங்குலமே இம்முறையின் உயிர். ஜலம் ஜல்லிக்குள்ளேயே மறைந்து நிற்பதால், யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அங்கே முட்டையிட வழியில்லை.

ஜலம் பாத்தியில் ஏறக்குறைய இரண்டு நாள் தங்கும். வெறுந்தொட்டியில் ஒரு நாள் தேக்கினாலே நாற்றமெடுக்கும் ஜலம் இங்கே நாறாதது ஏனெனில், ஜல்லியிலும் வேரிலும் பற்றியுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு ஜீவிக்கின்றன. சென்னையில் இந்துகாந்த் ரகடே என்னும் இரசாயன நிபுணர் கல்வாழை போன்ற செடிகளின் உதவியால் குளித்த ஜலத்தை மீட்கும் வழியைப் பல ஆண்டுகள் எடுத்துரைத்தார். பெரும் பொருள் கொடுத்து இயந்திரம் வாங்குமாறு வரும் வியாபாரிகளுக்குச் செவிசாய்ப்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

உறிஞ்சு குழி போதாதா என்று சிலர் வினவுகின்றனர். மணற்பாங்கான ஊர்களில் போதும். தாம்பரத்தைச் சுற்றியோ பல்லாவரத்துக் குன்றிலுள்ளது போன்ற சார்னோக்கைட் பாறை பல இடங்களில் ஆழமின்றியே கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே குழி நிரம்பி வழியும். குழி எடுப்போரும் குடிஜலக் கிணற்றுக்கு 50 அடிக்கு அப்பாலேயே எடுக்கவேண்டும்.

பாத்தியினின்று வரும் ஜலத்தை வாழை, தென்னை, பூச்செடிகளுக்கு விடலாம். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கொத்துமல்லி, கீரை முதலியவற்றுக்கு ஆகாது. குழந்தையின் மலத்துணியை அலசிய ஜலத்தையும் பாத்தியில் விடாது, கழிப்பறையிலேயே ஊற்றவேண்டும். ஜல்லியும் குழாயும் தனித்தனியே வாங்கினால் வண்டிக்கூலியே மிகும். பத்து வீட்டார் சேர்ந்து சங்கத்தின் மூலம் ஒரே லோடாக வரவழைத்துப் பங்கிட்டுக்கொள்வது சிக்கனம்.