அபார்ட்மென்ட்டில் நிறுத்திய காரை டோ செய்துவிட்டார்களா? கைகொடுக்கும் குறிப்புகள்

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, சன்னிவேல், ஃப்ரீமான்ட் பக்கம் நம்மவர்கள் நிறைய பேர் குடியிருக்கும் அபார்ட்மென்ட்களில் கார் நிறுத்த எப்போதும் இடத்தட்டுப்பாடுதான். வார இறுதியில் விருந்தாளிகள் வந்தால் கெஸ்ட் பார்க்கிங் நிரம்பிவிடும். பர்மிட்டை மாட்ட மறந்தால் விடிவதற்குள் காரைக் காணோம். டோ கட்டணம் ஒரு தண்டம் என்றால், மீட்டு வந்த காரில் பம்பர் பிளந்திருப்பது அதைவிடப் பெரிய தண்டம். பலரும் அதைத் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதே இல்லை. தனியார் இடத்திலிருந்து காரை அகற்றும்போது யாருடைய அலட்சியத்தாலாவது சேதம் வந்தால், அதற்கு ஈடு கேட்கும் உரிமையை அந்த மாநில வாகனச் சட்டத்தின் 22658-ஆம் பிரிவு தருகிறது. ஆனால் சேதத்தை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அதற்கான வேலை பெரும்பாலும் டோ யார்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

1. காரைக் காணவில்லை என்றதும் திருட்டு என்று பதறாதீர்கள். ஊர்ப் போலீஸின் அவசரமில்லாத அழைப்புகளுக்கான எண்ணுக்குப் போன் செய்து நம்பர் பிளேட்டைச் சொல்லுங்கள். டோ செய்த நிறுவனம் போலீஸுக்குத் தகவல் தந்தே ஆக வேண்டும் என்பதால், கார் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். எடுத்த இடத்திலிருந்து 10 மைல் சுற்றளவுக்குள்தான் அதை வைத்திருக்க வேண்டும்.

2. டோ வண்டி இன்னும் வளாகத்தை விட்டுப் போகவில்லையா? உரிமையாளர் கேட்டால் அங்கேயே காரை விட்டுவிட வேண்டும். கொக்கி மாட்டித் தூக்கிவிட்டார்கள் என்றாலும், வழக்கமான டோ கட்டணத்தில் பாதிக்கு மேல் வாங்கக் கூடாது. வாக்குவாதம் வேண்டாம். காருக்குள் ஏறி உட்காருவதும் வண்டியின் குறுக்கே நிற்பதும் ஆபத்து. நிதானமாகக் கேளுங்கள், பேசுவதைப் போனில் வீடியோ எடுங்கள்.

3. கூடியவரை அன்றைக்கே போய் எடுத்துவிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் எடுத்தால், இடையில் தேதி மாறியிருந்தாலும் ஒரு நாள் வாடகைதான். அதன்பின் தினமும் கூடிக்கொண்டே போகும். “நியாயம் கிடைக்கும்வரை எடுக்க மாட்டேன்” என்று காரை அங்கேயே விட்டால், பாக்கிக்காக அதை விற்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

4. இதுதான் முக்கியம்: பணம் கட்டுவதற்கு முன்பே காரைப் பார்த்துவிடுங்கள். கட்டணம் இல்லாமல் காரைப் பார்வையிடும் உரிமை உங்களுக்கு உண்டு. அலுவல் நேரத்தில் போனால், உள்ளே இருக்கும் உங்கள் பொருள்களையும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். “முதலில் பணம், பிறகுதான் கார்” என்று ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னால், கட்டண விவரமும் உரிமைகளும் அச்சிட்ட அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள். அதை யார்டில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

பகல் வெளிச்சம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டார்ச் கொண்டுபோங்கள். யார்டின் பெயர்ப்பலகையில் வீடியோவைத் தொடங்கி, நம்பர் பிளேட், பிறகு கார் முழுக்க ஒரு சுற்று என்று இடைவிடாமல் எடுங்கள். நின்றபடி பார்த்தால் தெரியும் கீறல் மட்டும் போதாது. பம்பரின் கீழ் விளிம்பு, சக்கர ரிம், கதவுக்கு அடியில் ஓடும் பட்டை, சங்கிலி மாட்டியிருக்கக்கூடிய அடிப்பாகம் எல்லாவற்றையும் குனிந்து பாருங்கள். எங்கள் வளாகத்தில் ஒருவருடைய ஹோண்டா சிவிக்கில் வெளியே ஒரு கீறல் கூட இல்லை. முன் டயரைத் தடவிப் பார்த்தபோதுதான், உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் தட்டையாகத் தேய்ந்திருப்பது கையில் பட்டது. சிவிக்கில் எஞ்சின் சுழற்றுவது முன் சக்கரங்களை. கியர் ‘பார்க்’கில் இருக்கும்போது அவை சுழலாது. பின்புறத்தைத் தூக்கி, முன் சக்கரங்களுக்கு அடியில் சிறு சக்கரத் தாங்கி வைக்காமல் இழுத்தால் டயர் தரையில் தேய்ந்துகொண்டே போகும், கியர்பாக்ஸும் அடி வாங்கும்.

கையெழுத்துப் போட்டதும் நேராக வீட்டுக்கு ஓட்டிவிடாதீர்கள். யார்டுக்குள்ளேயே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, புதிதாகச் சத்தம் வருகிறதா, கார் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாசலைத் தாண்டிவிட்டால், “வழியில் நீங்களே இடித்திருப்பீர்கள்” என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

5. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் சுபாரு போன்ற கார்களையும் டெஸ்லா போன்ற மின்கார்களையும் சக்கரம் எதுவும் தரையில் உருளாதபடிதான் கொண்டுபோக வேண்டும். உங்கள் கார் அந்த வகையா? எப்படி ஏற்றினார்கள் என்று கேளுங்கள், கேமரா பதிவு இருந்தால் பாருங்கள். இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்திருந்தால், காரின் கையேட்டில் டோ பற்றிய பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

6. காகிதம் இல்லாமல் திரும்பாதீர்கள். இனம் பிரித்த பில், டோ செய்யச் சொன்னவர் கையெழுத்திட்ட அனுமதித் தாள், இரண்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அனுமதித் தாளில் காரணமும் நேரமும் கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். தீயணைப்புப் பாதை, தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள், வாசலை மறிப்பது போன்றவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே கொடுத்த பொது அனுமதி செல்லும். அப்படிச் செய்திருந்தால் எடுப்பதற்கு முன் படம் பிடித்திருக்க வேண்டும், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். அந்தப் படத்தில் உங்கள் பம்பர் முழுசாக இருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்த மாதிரி. “கார் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்று எதிலாவது கையெழுத்துக் கேட்டால், பக்கத்திலேயே சேதத்தை எழுதிவிட்டுப் போடுங்கள்.

7. டோ செய்ததே முறைதானா என்றும் பாருங்கள். அறிவிப்புப் பலகையை நம்பி டோ செய்திருந்தால், வளாகத்தின் ஒவ்வொரு நுழைவாயிலிலும் அது இருந்திருக்க வேண்டும். அளவு குறைந்தது 17-க்கு 22 அங்குலம், எழுத்து ஓர் அங்குலம். மரக்கிளை மறைத்திருந்தால் அன்றே படமெடுங்கள், மறுவாரம் கிளையை வெட்டிவிடுவார்கள். விதியை மீறி டோ செய்யச் சொல்லியிருந்தால் டோ கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு இடத்தின் உரிமையாளர் பொறுப்பு. அதிகக் கட்டணம் வாங்கியிருந்தால், வாங்கியவர் நான்கு மடங்கு தர வேண்டியிருக்கும்.

8. லீசிங் ஆபீஸில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். அன்றே மின்னஞ்சல் அனுப்பி, கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பல கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும்.

9. பழுது பார்க்க அவசரப்படாதீர்கள். இரண்டு பாடி ஷாப்களில் எழுத்து மூலமாக மதிப்பீடு வாங்குங்கள். இன்சூரன்ஸில் கோர நினைத்தால் முதலில் உங்கள் டிடக்டிபிளைப் பாருங்கள். செலவு 900 டாலர், டிடக்டிபிள் 1,000 டாலர் என்றால் அங்கே ஒன்றும் கிடைக்காது. சேதம் பெரிது என்றால் இன்சூரன்ஸ் வழியே போவது நல்லது. உங்களுக்குக் கொடுத்ததை டோ நிறுவனத்திடம் வசூலிக்க அவர்களே முயல்வார்கள்.

10. டோ நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள்: நடந்தது என்ன, எவ்வளவு கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள். ஒரு பக்கம் போதும், படங்களையும் மதிப்பீட்டையும் இணையுங்கள். பதில் இல்லையென்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். பணத்தை முதலில் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி, கடிதம் அதற்கும் பயன்படும். தனிநபர் 12,500 டாலர் வரை கோரலாம். தொகையைப் பொறுத்துப் பெரும்பாலும் 30 முதல் 75 டாலர் கட்டணம். இரு தரப்பும் விசாரணைக்கு வக்கீல் வைக்க முடியாது, அதனால் நீங்களும் நிறுவனமும் சமமாக நிற்பீர்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோரின் கார் என்றால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கோர்ட்டில் முன்கூட்டியே கேளுங்கள். பொருள் சேதத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை காத்திருக்காதீர்கள்.

11. இன்னும் ஒன்றும் நடக்காதவர்களுக்கு: காரைக் கழுவும் நாளில் நான்கு பக்கமும் ரிம்மும் தெரிய ஆறேழு படம் எடுத்துப் போனிலேயே வையுங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வரும்போது வாடகைக் கார் எடுத்தால், அதற்கும் கெஸ்ட் பர்மிட் வாங்கி, அது எந்த நாள்வரை செல்லும் என்பதைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.