நம்மூர்ப் பூவிலேயே ஓர் எம்பிராய்டரி பூச்செண்டு

எம்பிராய்டரி புத்தகத்தைப் பிரித்தால் வசந்தகாலப் பூச்செண்டு என்று டூலிப்பும் டாஃபோடிலும்தான் இருக்கும். பனி விலகியதும் ஐரோப்பாவில் பூப்பவை அவை. சேலம், நாமக்கல்காரர்களுக்கு அந்தப் பூவெல்லாம் எதற்கு? சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டிலும் பரமத்திவேலூர் ஏலத்திலும் குவிந்து கிடப்பதைத் தைத்தாலே நிறத்துக்குப் பஞ்சமிருக்காது. ஏற்காடு கோடை விழாவுக்குப் போகிறவர்கள் மலர்க் கண்காட்சியில் டேலியாவைப் பார்த்து அதையும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

1. பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற தறி ஊர்கள் பக்கத்திலேயே இருப்பதால் காடாத் துணி சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அதில் பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். ஒரு ராத்திரி ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வரையுங்கள். இல்லையென்றால் முதல் துவையலிலேயே துணி சுருங்கி, தைத்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். இளம்பிள்ளைச் சேலைக்கு ஜாக்கெட்டில் தைப்பதானால், மெல்லிய துணிக்கு அடியில் மல் துணி ஒன்றை வைத்துச் சேர்த்துத் தையுங்கள்.

2. நூல் வாங்கப் போகும்போது பூவையும் கையோடு கொண்டுபோங்கள். கடை டியூப் லைட்டில் எல்லா ஆரஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் நூலையும் பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பூவுக்கு அடர்த்தி, நடுத்தரம், வெளிர் என மூன்று சாயல் வேண்டும். ஒரே நிறத்தில் தைத்த பூ ஸ்டிக்கர் ஒட்டியதுபோலத்தான் இருக்கும்.

3. நீலக் கார்பன் வேண்டவே வேண்டாம்; வெள்ளைத் துணியில் அது போகாது. ஜாக்கெட்டுக்கு ஆரி போடுகிறவர்கள் செய்வதுபோல், ட்ரேசிங் பேப்பரில் கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த பவுடரைப் பஞ்சால் தேய்த்து இறக்கலாம். தண்ணீரில் அழியும் பேனா என்றால், கோட்டைக் கழுவி எடுக்கும்வரை இஸ்திரி பக்கமே போகாதீர்கள். சூடு பட்டால் கோடு நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனாவோ நேர் எதிர். அதால் வரைந்த துணியைச் சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால், திரும்பி வரும்போது டிசைன் இருக்காது.

4. பெரிய பூ மூன்று, நடுத்தரம் ஐந்து, மீதியை மொட்டும் தழையும் நிரப்பட்டும். பெரிய பூ மூன்றையும் நட்டநடுவில் வைக்காமல் ஒரு பக்கம் சற்றுத் தள்ளி வைத்தால் செண்டு உயிரோடு இருக்கும். காம்புகள் எல்லாம் கட்டு விழும் இடத்தில் ஒன்று சேர்ந்து, அதற்குக் கீழே விரிய வேண்டும். அந்த ஒரு புள்ளியை முதலில் குறித்துக்கொண்டு வரையுங்கள்.

5. நூல் நீளம் ஒரு முழம் போதும். பூக்காரம்மா அளக்கும் முழம் அல்ல, உங்கள் கை முழம்! அதற்கு மேல் போனால் சிக்கும், பஞ்சும் எழும்பும். கண்டு நூலில் 6 இழை இருக்கும். ஒவ்வோர் இழையாக உருவி, பிறகு வேண்டியதைச் சேர்த்துக் கோத்தால் தையல் பளிச்சென்று படியும்.

6. பனமரத்துப்பட்டி அரளி இல்லாமல் சேலத்துச் செண்டு ஏது? ஒற்றை அரளிக்கு ஐந்து இதழ், காற்றாடிபோல எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் முதலில் பின் தையல் போட்டு, அதை மூடினாற்போல் சாட்டின் தையலைச் சாய்வாக இறக்குங்கள். விளிம்பு கத்தரித்தமாதிரி வரும். நீண்ட இலைக்கு ஃபிஷ்போன் தையல்.

7. வாடாமல்லிக்கு பிரெஞ்ச் நாட் முடிச்சை நெருக்கி நெருக்கிப் போட வேண்டும். ஊசியில் நூலை ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் சுற்றாதீர்கள். முடிச்சு பெரிதாக வேண்டுமானால் இழையைக் கூட்டுங்கள். வெளியே வந்த ஓட்டையிலேயே ஊசியைத் திரும்ப இறக்கினால் முடிச்சு பின்பக்கம் ஓடிவிடும். ஓரிழை தள்ளி இறக்கி, அடியில் இழுத்து முடியும்வரை இடது கையில் நூலை விறைப்பாகப் பிடியுங்கள்.

8. செண்டில் ஆளை அசத்துவது கோழிக்கொண்டைதான். அடர் மெரூன் நூலில் 6 இழையும் கோத்து, ஒரு தையலைச் சிறு விரல் நகம் அளவுக்கு வளையமாகத் தொங்கவிடுங்கள். அடுத்த தையலை இறுக்கமாகப் போட்டு அதைப் பூட்டுங்கள். இப்படியே மாற்றி மாற்றி, துணி தெரியாத அளவுக்கு வரிசைகளை நிரப்புங்கள். பிறகு வளையங்களைக் கத்தரித்து, பழைய டூத் பிரஷ்ஷால் சீவினால் வெல்வெட் மாதிரி புசுபுசுவென நிற்கும். உச்சியை மட்டும் கொஞ்சம் கோணல்மாணலாக வெட்டுங்கள். சீராக வெட்டினால் அது கொண்டை இல்லை, கால்மிதி!

9. செண்டுமல்லிக்கு அடர் ஆரஞ்சு ஓரிழை, மஞ்சள் ஓரிழை இரண்டையும் ஒரே ஊசியில் கோத்து, லேசி டெய்சி இதழ்களை வெளிவட்டத்திலிருந்து உள்ளே அடுக்கிக்கொண்டு போங்கள். சாமந்திக்கும் அதே வேலை, இதழ் மட்டும் மெலிதாக, நீளமாக.

10. சம்பங்கி மொட்டுக்கு புல்லியன் தையல். இதற்குச் சாதாரண ஊசி சரிவராது. கண்ணும் தண்டும் ஒரே பருமனில் உள்ள நீள ஊசியை மில்லினர் ஊசி என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளைத் துணியில் வெள்ளைப் பூ காணாமல் போகும் என்பதால், அடியில் வெளிர் பச்சையும் நுனியில் லேசான ரோஸும் ஒரு கோடு காட்டுங்கள்.

11. இலை எல்லாம் ஒரே பச்சையில் வேண்டாம். மரிக்கொழுந்துக்குச் சாம்பல் பச்சையில் ஓரிழை ஃபெதர் தையல், அவ்வளவுதான்.

12. காம்பு, இலை முதலில்; சாட்டின் பூக்கள் அடுத்து; முடிச்சும் கொண்டையும் கடைசியில். புடைத்த பூமேல் ரிங்கை மாட்டினால் நசுங்கிவிடும். வேலையை நிறுத்தும்போது ரிங்கைக் கழற்றி வையுங்கள்.

13. செண்டைக் கட்ட ரிப்பன் வேண்டாம். பூ கட்டும் வாழைநார் நிறத்தில் 6 இழையைக் குறுக்கே படுக்கவைத்து, ஓரிழையால் ஆங்காங்கே பிடித்துத் தையுங்கள். நார் முனை இரண்டு சும்மா நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

14. பங்குனி தொடங்கிவிட்டால் கை வியர்க்கும். காலை வெளிச்சத்தில் தையுங்கள், பக்கத்தில் ஈரத்துணி ஒன்று இருக்கட்டும். மஞ்சள் தொட்ட கையோடு வெள்ளை நூலைத் தொடவே வேண்டாம்.

15. சிவப்பு, மெரூன் நூல் சாயம் விடுமா என்று தைக்கும் முன்பே பாருங்கள்: ஈர வெள்ளைத் துணியில் நூலை வைத்து இஸ்திரியால் அழுத்தினால் தெரிந்துவிடும். துவைக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாக நுரைக்காமல் துணியில் படிந்து வெளுத்துக் காட்டும். கடைசி அலசலுக்காவது காவிரித் தண்ணீர் பிடித்துவையுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிட்டு, தடிமனான டவலை இரண்டாக மடித்து, அதன்மேல் பூவைக் கவிழ்த்துப் பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள். கோழிக்கொண்டை இருக்கும் இடத்தில் அழுத்தாதீர்கள். நீராவி காட்டி, மறுபடி பிரஷ்ஷால் ஒரு சீவு.