படிவத்தோடு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை



2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும், புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து பல உயிர்கள் மாண்டன. இத்தகைய அழிவுகளின் பின் முகாமுக்கு அரிசி மூட்டை வருவது போலவே வினாக்கொத்தும் வருகிறது. "இரவில் நித்திரை வருகிறதா? மழைச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறதா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்தத் தாள்களிலிருந்து நமது மனநிலை பற்றி ஒரு முடிவு பிறக்கும். அதை வைத்து உதவியும் தீர்மானிக்கப்படலாம். ஆகவே அம்முடிவு பிறக்கும் விதத்தை நாமும் அறிந்திருப்பது நல்லது.

எல்லோரையும் கேட்க முடியாதபோது சிலரைத் தெரிந்து கேட்பார்கள். அச்சிலரே 'மாதிரி'. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஆனால் நம் குடும்பங்கள் ஒரே பானையில் வெந்தவை அல்லவே! காலை பத்து மணிக்கு லயத்துக்கு வருபவர் யாரைக் காண்பார்? கொழுந்து பறிப்போர் மலையில் நிற்பார்கள். பால் வெட்டுவோர் றப்பர் மரத்தடியில் இருப்பார்கள். வீட்டில் இருப்போர் முதியோரும் நோயாளருமே. அவர்களில் இருநூறு பேரைக் கேட்டாலும் அது தோட்டத்தின் குரல் ஆகாது. எண்ணிக்கை கூடுவதால் இந்தக் குறை தீராது. எல்லாக் குடும்பங்களின் பெயர்களையும் துண்டுகளில் எழுதி, குலுக்கி எடுக்க வேண்டும். வந்த பெயருக்குரியவர் வீட்டில் இல்லையென்றால் மாலையில் மீண்டும் வர வேண்டும். இதுவே எழுமாற்றுத் தெரிவு.

கேட்கும் விதமும் பதிலை மாற்றும். கங்காணி பக்கத்தில் நிற்க, "வசதியெல்லாம் போதும்தானே?" என்று கேட்டால் எவர்தான் இல்லை என்பார்? கணவன் முன்னிலையில் மனைவியிடம் அவனது குடிப்பழக்கத்தைக் கேட்பதும் அப்படித்தான்.

இனிப் பரிசோதனை. இங்கிலாந்தில் ஒரு பெண்மணி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைக் குடித்தே சொல்வேன் என்றார். (நம் லயத்தில் சாயத் தண்ணிதானே, பாலுக்கு எங்கே போவது என்கிறீர்களா? கதையைக் கேளுங்கள்.) றொனால்ட் ஃபிஷர் என்ற அறிஞர் 1935இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு சோதனையை விளக்கினார். எட்டுக் கோப்பைகள்; நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில்; கொடுக்கும் வரிசை குலுக்கல்படி. வெறும் ஊகத்தால் எட்டையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு எழுபதில் ஒன்றுதான். எனவே எல்லாம் சரியானால் தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம்.

நமது தேயிலை மலையிலும் இந்தப் பாடம் உண்டு. ஃபிஷருடன் பணியாற்றிவிட்டு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்த ஈடன் என்பவர், ஒரேவிதமாகப் பராமரித்த துண்டுகளிலும் விளைச்சல் வேறுபடுவதை அளந்து 1931இல் எழுதினார். அப்படியானால் ஒரு துண்டில் மட்டும் உரம் போட்டு, கொழுந்து கூடியது உரத்தால்தான் என்று எப்படிச் சொல்வது?

மனித மனத்துக்கும் இதே கேள்வி உண்டு. வாராந்தக் கூட்டத்துக்கு வந்தோரின் பயம் மூன்று மாதத்தில் குறைந்தது என வைத்துக்கொள்வோம். கூட்டத்தாலா, மழை விட்டதாலா? விரும்பி வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டாலும் தெளிவு வராது. ஓரளவு துணிவுள்ளவர்தானே வெளியே வருகிறார்! குலுக்கல் மூலம் இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு இப்போதும் மற்றதற்குப் பின்னரும் கூட்டம் நடத்தி, இடையில் இரண்டையும் அளந்தால் ஒப்பிடலாம். பிந்திய குழுவுக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றாமல் விடுவது அநியாயம். அவசர மருந்தையும் உணவையும் இப்படிக் குலுக்கிக் கொடுக்கவும் கூடாது.

அடுத்த முறை படிவத்தோடு ஒருவர் வந்தால், முதலில் உட்காரச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: "என்னை எப்படித் தெரிந்தீர்கள்? யாரோடு ஒப்பிடுவீர்கள்? என் பெயரை யார் பார்ப்பார்கள்? முடிவை எங்களுக்கும் வந்து சொல்வீர்களா?" பதில் திருப்தி தராவிட்டால், பேச விருப்பமில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காக நிவாரணப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை வெட்டுவது முறையல்ல.